பச்சேந்திரி பால்

பச்சேந்திரி பால் (பிறப்பு: மே 24, 1954) இந்திய மலையேற்ற வீராங்கனை, பயிற்சியாளர். 1984ஆம் ஆண்டு மே 23 அன்று எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தார். அச்சிகரத்தில் நின்ற முதல் இந்தியப் பெண் இவர். உலக அளவில் ஐந்தாவது பெண். சிகரத்தின் மேல் அவர் இருந்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அதன் பிறகு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் ஜாம்ஷெட்பூரில் இருந்துகொண்டு மற்ற பெண்களை மலைக்கு அழைத்துச் செல்வதைத் தொழிலாகச் செய்தார். பொது அறிவு வினாவிடை நூல்களில் முதல் செய்தி மட்டும் இடம்பெறுகிறது. இரண்டாவது செய்தி பலருக்குத் தெரியாது.

பிறப்பு, இளமை

பச்சேந்திரி பால் உத்தரகாசிக்கு அருகிலுள்ள நகுரி என்ற மலைக்கிராமத்தில் பிறந்தார். அப்போது அப்பகுதி உத்தரப் பிரதேசத்தின் டெஹ்ரி கர்வால் மாவட்டத்தில் இருந்தது. 1960இல் உத்தரகாசி தனி மாவட்டமானது. 2000ஆம் ஆண்டு முதல் அது உத்தரகாண்ட் மாநிலத்தில் உள்ளது. தந்தை கிஷன் சிங் பால், தாய் ஹன்சா தேவி. டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் எவரெஸ்டில் ஏறியது 1953 மே 29. அந்த நாளின் முதலாம் ஆண்டு நிறைவுக்கு ஐந்து நாட்கள் முன்னதாகப் பச்சேந்திரி பிறந்தார்.

குடும்பம் போட்டியா சமூகத்தைச் சேர்ந்தது. இமயமலையின் உயர்ந்த கணவாய்களைக் கடந்து திபெத்துடன் வணிகம் செய்துவந்த மக்கள் இவர்கள். இங்கிருந்து தானியமும் மளிகைப் பொருட்களும் போகும். அங்கிருந்து உப்பும் கம்பளியும் வரும். கிஷன் சிங் பாலும் இவ்வாறு எல்லை கடந்து பொருள் கொண்டுசென்று விற்றவர்தான். 1962 இந்திய சீனப் போருக்குப் பின் கணவாய்கள் அடைபட்டன. தலைமுறைகளாக நடந்த இந்த வணிகம் அத்துடன் நின்றது. பச்சேந்திரியின் பள்ளிப் பருவம் இந்தச் சரிவுக்குப் பிந்தையது.

பன்னிரண்டு வயதில் பள்ளித் தோழிகளுடன் சுற்றுலா சென்றபோது ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரம் வரை ஏறினார். நேரம் போனது தெரியாமல் ஏறிவிட்டதால் இருட்டுமுன் இறங்க முடியவில்லை. உணவும் ஒதுங்க இடமும் இல்லாமல் இரவு முழுவதும் மலையிலேயே கழிக்க வேண்டியதாயிற்று. அவருடைய மலையேற்ற வாழ்க்கையின் தொடக்கமாக இந்நிகழ்ச்சி வழக்கமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் விறகுக்கும் புல்லுக்கும் நாள்தோறும் மலைச்சரிவில் ஏறி இறங்கும் பெண்கள் வாழும் ஊரில், ஏறுவது என்பது தனித்த திறமையாகக் கருதப்படுவதில்லை. அது அன்றாட வேலை. அதே திறமை ஒரு பெண்ணுக்குச் சம்பளம் தரும் தொழிலாகவும் ஆகும் என்று அன்று நகுரியில் எவரும் நினைத்திருக்க முடியாது.

கல்வியும் வேலை தேடலும்

வீட்டில் பணம் குறைவு. படிப்பைத் தொடர்வதற்காகப் பச்சேந்திரி தையல் கற்று, சல்வார் கமீஸ் தைத்துக் கொடுத்து நாளுக்குச் சில ரூபாய் ஈட்டினார். அவருடைய பள்ளித் தலைமையாசிரியர் வீட்டாரிடம் பேசி மேற்படிப்புக்கு அனுப்பச் செய்தார். டேராடூனில் கல்லூரிப் படிப்பு. சமஸ்கிருதத்தில் முதுகலைப் பட்டமும், ஆசிரியப் பணிக்கான பி.எட். பட்டமும் பெற்றார்.

இவ்வளவு படித்தும் நிலையான வேலை கிடைக்கவில்லை. கிடைத்தவை தற்காலிகப் பணிகள், அல்லது தகுதிக்குக் குறைந்த ஊதியத்தில் கீழ்நிலைப் பள்ளி வேலைகள். அவற்றை மறுத்துவிட்டு உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்ற நிறுவனத்தில் பயிற்சிக்கு விண்ணப்பித்தார். குடும்பத்தாரும் உறவினர்களும் இதைக் கடுமையாக எதிர்த்தனர். பி.எட். முடித்த பெண் ஆசிரியை ஆகாமல் மலை ஏறப் போவது அவர்களுக்குப் புரியவில்லை. இன்றும் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்கும் புரியாது.

நேரு மலையேற்ற நிறுவனம்

நேரு மலையேற்ற நிறுவனம் 1965இல் உத்தரகாசியில் தொடங்கப்பட்டது. இதற்கு முன்னோடி டார்ஜிலிங்கில் உள்ள இமாலய மலையேற்ற நிறுவனம். அது 1954இல், பச்சேந்திரி பிறந்த அதே ஆண்டில், எவரெஸ்ட் வெற்றியை ஒட்டி உருவானது. டென்சிங் அங்குக் களப்பயிற்சி இயக்குநராக இருந்தார். இந்நிறுவனங்களில் கயிறு கட்டுதல், பாறை ஏற்றம், பனியில் நடத்தல், பனிக்கோடரியைக் குத்தித் தன் சறுக்கலைத் தானே நிறுத்துதல், காலணியின் அடியில் இரும்புப் பற்களைப் பூட்டிக்கொண்டு உறைபனிச் சுவரில் ஏறுதல் ஆகியவை முறையாகக் கற்பிக்கப்படுகின்றன. ஊருக்கு அருகிலேயே இப்படி ஒரு நிறுவனம் இருந்தது பச்சேந்திரிக்கு வாய்த்த பெரிய நல்வாய்ப்பு.

1982இல், பயிற்சிக் காலத்தில், கங்கோத்ரி சிகரத்திலும் (ஏறத்தாழ 6,670 மீட்டர்) ருத்ரகைரா சிகரத்திலும் (5,819 மீட்டர்) ஏறினார். அக்காலத்தில் தேசிய சாகச அறக்கட்டளையை நடத்தியவர் பிரிகேடியர் கியான் சிங். 1960இல் இந்தியாவின் முதல் எவரெஸ்ட் அணிக்குத் தலைமை தாங்கியவர் அவர். மலைப்பகுதிப் பெண்கள் சிலருக்கு உதவித்தொகை கொடுத்து, அவர்களையே மற்றப் பெண்களுக்குப் பயிற்றுநர்களாக ஆக்கும் திட்டம் ஒன்றை அவர் தொடங்கினார். பச்சேந்திரி அதில் பயிற்றுநராகச் சேர்ந்தார். மலை ஏறுவதன் மூலம் அவர் ஈட்டிய முதல் வருமானம் இவ்வழியில் வந்தது. எவரெஸ்ட் அணிக்கான தேர்வு முகாம்களுக்கு அழைக்கப்பட்டபோது தன்னைத் தேர்வு செய்வார்கள் என்று அவர் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

எவரெஸ்டும் இந்தியாவும்

இந்தியாவின் முதல் இரண்டு எவரெஸ்ட் முயற்சிகள் (1960, 1962) சிகரத்தை நெருங்கி, மோசமான வானிலையால் திரும்பின. 1965இல் எம்.எஸ். கோலி தலைமையிலான அணியில் ஒன்பது பேர் சிகரத்தை அடைந்தனர். ஒரே அணியில் ஒன்பது பேர் ஏறியது அன்று உலக அளவில் பெரிய சாதனை. அந்த ஒன்பது பேரும் ஆண்கள்.

பெண்களில் முதலில் எவரெஸ்டை அடைந்தவர் ஜப்பானின் ஜுன்கோ தாபெய் (மே 16, 1975). பதினொரு நாட்கள் கழித்துத் திபெத்தைச் சேர்ந்த பந்தோக் வடக்குப் பக்கமாக ஏறினார். 1978இல் போலந்தின் வாண்டா ருட்கிவிச்சும், 1979இல் ஜெர்மனியின் ஹன்னலோர ஷ்மாட்ஸும் ஏறினர். ஷ்மாட்ஸ் இறங்கும் வழியில் உயிரிழந்தார். அதன் பின் நான்கரை ஆண்டுகளுக்கு மேல் எந்தப் பெண்ணும் அங்கு ஏறவில்லை.

1984இல் இந்திய மலையேற்ற அமைப்பு நான்காவது எவரெஸ்ட் அணியை அனுப்பியது. தலைவர் கர்னல் தர்ஷன் குமார் குல்லர். ஒரு பெண்ணையாவது சிகரத்தில் ஏற்றுவது அவ்வணியின் வெளிப்படையான நோக்கமாக இருந்தது. பதினோரு ஆண்களுடன் ஆறு பெண்கள் சேர்க்கப்பட்டனர். சந்திரபிரபா ஐத்வால், ஹர்ஷ்வந்தி பிஷ்ட், ரேகா சர்மா, ரீட்டா கோம்பு, ஷராவதி பிரபு, பச்சேந்திரி பால் ஆகியோர் அவர்கள்.

இந்தப் பட்டியலில் அனுபவம் குறைந்தவர்களில் ஒருவர் பச்சேந்திரி. ஐத்வால், பிஷ்ட், சர்மா மூவரும் 1981இல் 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தா தேவியில் ஏறி அர்ஜுனா விருது பெற்றிருந்தனர். நந்தா தேவி உயரத்தில் எவரெஸ்டைவிடக் குறைவு என்றாலும், தொழில்நுட்ப அளவில் அதைவிடக் கடினமானது எனப் பல மலையேறிகள் கருதுகின்றனர். ரீட்டா கோம்பு, எவரெஸ்டில் இருமுறை ஏறிய முதல் மனிதரான நவாங் கோம்புவின் மகள். பச்சேந்திரிக்கோ அத்தகைய அனுபவம் கிடையாது. 'முதல் இந்தியப் பெண்' என்ற அடைமொழி அவருக்கு உரியதுதான். ஆனால் அந்த இடத்துக்கு ஒரு பெண் செல்ல முடியும் என்ற நம்பிக்கையை உருவாக்கியவர்களில் நந்தா தேவியில் ஏறிய மூவருக்கும் பங்கு உண்டு. பின்னாளில், 2021இல், ஹர்ஷ்வந்தி பிஷ்ட் இந்திய மலையேற்ற அமைப்பின் முதல் பெண் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

உயரம் மனித உடலை என்ன செய்கிறது

சமவெளியில் வாழும் வாசகருக்கு எவரெஸ்ட் ஏற்றத்தின் கடினம் எங்கே இருக்கிறது என்பது எளிதில் விளங்காது. அழகர்கோவில் அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கைக்கு நடந்து ஏறுபவருக்கு மூச்சு வாங்கும். அதற்குக் காரணம் கால்களின் உழைப்பு. சிறிது நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். அழகர்மலையின் உயரத்தில் காற்றின் அடர்த்தி மதுரையில் உள்ளதிலிருந்து பெரிதாக மாறுவதில்லை.

எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் ஒன்றுதான், அதாவது 21 விழுக்காடு. ஆனால் காற்றே மெலிந்துவிடுவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கே உட்கார்ந்தாலும் களைப்பு தீராது. பசி போய்விடும், தூக்கம் வராது, எடுக்கும் முடிவுகள் தடுமாறும். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து ஆள் இறப்பதும் உண்டு. 8,000 மீட்டருக்கு மேற்பட்ட பகுதியை மலையேறிகள் மரண மண்டலம் என்கிறார்கள். அங்கு உடல் எவ்வளவு நாள் பழகினாலும் தேறாது, தேய்ந்துகொண்டே போகும்.

இதனால்தான் எவரெஸ்ட் அணிகள் நேராக ஏறிவிடுவதில்லை. ஒரு முகாம் வரை சுமையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு இறங்குவார்கள். ஓய்வுக்குப் பின் அடுத்த முகாம் வரை செல்வார்கள். இப்படி இரண்டு மாதங்கள் ஏறி இறங்கி உடலைப் பழக்குவார்கள். அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்பவர்கள் ஷெர்பாக்கள்.

அடிவார முகாம் வரை

1984 மார்ச் 7 அன்று அணி டெல்லியிலிருந்து காத்மாண்டுவுக்கு விமானத்தில் புறப்பட்டது. மார்ச் 26 அன்று பெரிசே என்ற இடத்தை அடைந்தபோது முதல் துயரச் செய்தி வந்தது. கும்பு பனியருவிப் பகுதியில் பனிச்சரிவு விழுந்து ஷெர்பா சுமைதூக்கி ஒருவர் இறந்தார், நால்வர் காயமடைந்தனர். பின்னர் சமையல் உதவியாளர் ஒருவரும் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளாமல் உயிரிழந்தார். பெரிய பயணங்களில் மரணமும் நேரக்கூடும், அதை இயல்பாக ஏற்கத்தான் வேண்டும் என்று குல்லர் அணியினரிடம் கூறினார்.

டென்சிங் தன் இளைய மகளுடன் அடிவார முகாமுக்கு வந்து ஒவ்வொருவரிடமும் பேசினார். பச்சேந்திரி தன்னைப் புதியவள் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். டென்சிங் சிரித்தார். தனக்கும் எவரெஸ்ட்தான் முதல் பயணம் என்றும், உச்சியை அடைவதற்குள் ஏழு முறை வரவேண்டியிருந்தது என்றும் சொன்னார். பிறகு அவர் தோளில் கைவைத்து, உறுதியான மலைநாட்டுப் பெண்ணாகத் தெரிகிறாய், நீ முதல் முயற்சியிலேயே ஏறவேண்டும் என்ற பொருளில் வாழ்த்தினார்.

அணியின் முதல் வெற்றி மே மாதத் தொடக்கத்தில் கிடைத்தது. ஃபூ தோர்ஜி தனியாக, செயற்கை ஆக்சிஜன் இன்றி ஏறி, அவ்வாறு எவரெஸ்டை அடைந்த முதல் இந்தியர் ஆனார். பெண்களில் எவரும் அதுவரை ஏறவில்லை.

மே 15 இரவு

1984 மே 15 புத்த பூர்ணிமை. அன்று இரவு பச்சேந்திரி இருந்த குழு மூன்றாம் முகாமில் தங்கியிருந்தது. லோட்சே மலையின் செங்குத்தான பனிச்சரிவில், ஏறத்தாழ 7,300 மீட்டர் உயரத்தில், நைலான் கூடாரங்கள் அடிக்கப்பட்டிருந்தன. நள்ளிரவு கடந்து அரைமணி அளவில், தூக்கத்தில் இருந்த பச்சேந்திரியின் பின்தலையில் ஏதோ கடினமான பொருள் மோதியது. அதே நொடியில் பெரும் ஓசை. குளிர்ந்த கனமான ஒன்று அவரை அழுத்தியது. மூச்சு விட முடியவில்லை.

முகாமுக்கு மேலே நின்ற உயரமான பனிக்கட்டி ஒன்று லோட்சே பனியாற்றிலிருந்து பெயர்ந்து, பனியையும் உடைந்த கட்டிகளையும் அள்ளிக்கொண்டு கூடாரங்களின் மேல் விழுந்திருந்தது. அவருடன் அதே கூடாரத்தில் இருந்த லோப்சாங் செரிங் தன்னிடமிருந்த மடக்குக் கத்தியால் கூடாரத் துணியைக் கிழித்து வெளியேறினார். பின் பச்சேந்திரியைச் சுற்றிக் கிடந்த உறைபனிக் கட்டிகளை அகற்றி அவரை வெளியே இழுத்தார். இன்னும் சில நிமிடங்கள் தாமதமாகியிருந்தால் அவர் இறந்திருப்பார்.

முகாமில் இருந்தவர்களில் பலருக்குக் காயம். மறுநாள் காலை எட்டு மணிக்குள் ஏறத்தாழ அனைவரும் இரண்டாம் முகாமுக்கு இறங்கிவிட்டனர். காயத்தாலும் அதிர்ச்சியாலும் அணியில் பாதிக்கு மேற்பட்டோர் முயற்சியைக் கைவிட்டனர். பச்சேந்திரியின் பின்தலை வீங்கியிருந்தது. குல்லர் அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். பயந்தாயா என்ற கேள்விக்கு ஆம் என்றார். திரும்பிப் போக விரும்புகிறாயா என்ற கேள்விக்கு இல்லை என்றார்.

அவருடைய வாழ்க்கையில் சிகரத்தை அடைந்த நேரத்தைவிட இந்தச் சிறு உரையாடல் முக்கியமானது எனலாம். பயமில்லை என்று அவர் சொல்லவில்லை. பயத்தை ஒப்புக்கொண்டபின் எடுத்த முடிவு அது. அன்று அவர் இறங்கியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்கப் போவதில்லை.

தெற்குக் கணவாய்

அடுத்த ஏற்றத்தில் அவர் குழுவில் ஒரே பெண். தெற்குக் கணவாய் எவரெஸ்டுக்கும் லோட்சேக்கும் நடுவே ஏறத்தாழ 7,900 மீட்டர் உயரத்தில் உள்ள, எந்நேரமும் காற்று வீசும் வெட்டவெளி. நான்காம் முகாம் அங்கு இருந்தது. பச்சேந்திரி முன்னதாகவே அங்குச் சென்றடைந்து மறுநாளுக்கான உணவு, எரிவாயு, ஆக்சிஜன் உருளைகளை ஆயத்தப்படுத்தினார். அணித்தோழர்கள் மூவர் இன்னும் வந்துசேரவில்லை. அதிகச் சுமையுடன் ஆக்சிஜன் இல்லாமல் ஏறியதால் அவர்கள் பின்தங்கியிருந்தனர். பச்சேந்திரி ஒரு குடுவையில் பழச்சாறும் இன்னொன்றில் சூடான தேநீரும் எடுத்துக்கொண்டு, பனிக்காற்றில் அவர்களைத் தேடி இறங்கினார்.

இவ்வளவு பெரிய ஆபத்தை ஏன் மேற்கொண்டாய் என்று தோழர் ஒருவர் கேட்டார். மற்ற மலையேறிகளைப் போலத்தான் தானும் ஒரு மலையேறி, அணியினருக்கு உதவுவது தன் கடமையும்தான் என்று அவர் பதில் சொன்னார். உயரத்தில் தன் உயிரைக் காத்துக்கொள்வதே பெரும் வேலை என்றிருக்கும் இடத்தில் நடந்தது இது. அணிக்குள் அவர் ஒரு 'பெண் உறுப்பினர்' என்ற நிலையிலிருந்து வெளியே வந்தது இங்குதான்.

மே 23, 1984

மே 23 அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தார். பனியை உருக்கித் தேநீர் தயாரித்தார். 6.20 மணிக்கு ஷெர்பா தலைவர் அங் தோர்ஜியுடன் தெற்குக் கணவாயிலிருந்து புறப்பட்டார். அங் தோர்ஜி செயற்கை ஆக்சிஜன் பயன்படுத்தாமல் ஏறுபவர். அதனால் கால்கள் விறைத்துவிடும் என்று அஞ்சி, வழியில் இரவு தங்காமல் அன்றே ஏறி அன்றே இறங்கிவிட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அந்த வேகத்துக்குப் பச்சேந்திரி ஈடுகொடுக்க வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் இருவரும் கயிறு பிணைக்காமலே ஏறினர். உறைந்த பனி கண்ணாடிப் பாளம்போல் இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் காலை ஓங்கி உதைத்தால்தான் காலணியின் முன்பற்கள் பனியில் பதியும். முந்தைய குழுவினர் நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்ட தொலைவை இரண்டு மணி நேரத்துக்குள் கடந்தனர். அங் தோர்ஜி திரும்பிப் பார்த்துக் களைப்பா என்று கேட்டார். இல்லை என்றார் பச்சேந்திரி.

தெற்கு உச்சிக்குக் கீழே ஓய்வெடுத்தபோது, பின்னால் வந்த லாட்டூ தோர்ஜி அவர்களை எட்டினார். அவர் கொண்டுவந்த நைலான் கயிற்றை இடுப்பில் பிணைத்துக்கொண்டனர். பச்சேந்திரியின் கருவியில் ஆக்சிஜன் நிமிடத்துக்கு 2.5 லிட்டர் அளவில் வைக்கப்பட்டிருப்பதை லாட்டூ கவனித்தார். அந்த உயரத்தில் வழக்கமான அளவு 4 லிட்டர். அதைக் கூட்டியபின் ஏற்றம் எளிதானது. தெற்கு உச்சியைத் தாண்டியதும் காற்று வலுத்துப் பொடிப்பனி கண்ணை மறைத்தது.

பிற்பகல் 1.07 மணிக்கு அதற்கு மேல் ஏற இடமில்லை என்பது தெரிந்தது. உச்சியில் இரண்டு பேர் அருகருகே நிற்கவும் இடம் போதாது. எனவே முதலில் பனிக்கோடரியால் குத்தித் தங்களை உறுதியாகப் பிணைத்துக்கொண்டனர். பின் பச்சேந்திரி மண்டியிட்டு நெற்றி பனியில் படும்படி வணங்கினார். சிவப்புத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த துர்க்கை படத்தையும் அனுமன் சாலிசாவையும் பனியில் புதைத்தார். எழுந்து, தன்னைக் கயிற்றில் அழைத்துவந்த அங் தோர்ஜியைக் கைகூப்பி வணங்கினார். ஆக்சிஜன் இன்றி அங் தோர்ஜி எவரெஸ்டில் ஏறியது அது இரண்டாவது முறை. சிறிது நேரத்தில் சோனம் பல்ஜோர் வந்து புகைப்படங்கள் எடுத்தார்.

கம்பியில்லாக் கருவியில் பேசிய குல்லர், பச்சேந்திரியின் பெற்றோருக்கும் வாழ்த்துச் சொல்ல விரும்புவதாகக் கூறினார். 1.55 மணிக்கு இறங்கத் தொடங்கினர். மறுநாள் அவருக்கு 30 வயது நிறைந்தது.

டாட்டா ஸ்டீல் பணி

1984இலேயே பச்சேந்திரி ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஸ்டீல் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு உருவாக்கப்பட்ட டாட்டா ஸ்டீல் சாகச அறக்கட்டளையைத் தலைமையேற்று நடத்தி, 2019இல் ஓய்வு பெற்றார். வேலை தேடி அலைந்த பட்டதாரிக்கு இறுதியில் நிலையான வேலை கிடைத்தது, அதுவும் மலையாலேயே.

இக்காலத்தில் அவர் நடத்திய பயணங்களில் மூன்று குறிப்பிடத்தக்கவை. 1993இல் இந்திய நேபாளப் பெண்கள் எவரெஸ்ட் அணிக்குத் தலைமை ஏற்றார். அவ்வணியிலிருந்து ஏழு பெண்கள் உட்படப் பதினெட்டுப் பேர் சிகரத்தை அடைந்தனர். சந்தோஷ் யாதவ் இரண்டாவது முறையாக ஏறி, எவரெஸ்டை இருமுறை அடைந்த முதல் பெண் ஆனார். டிக்கி டோல்மா தன் 19ஆம் வயதில் ஏறினார். பச்சேந்திரி இம்முறை சிகரத்துக்குச் செல்லவில்லை. முன்பு குல்லர் இருந்த இடத்தில், யாரை மேலே அனுப்புவது, யாரைத் திருப்பி அழைப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில், இப்போது அவர் இருந்தார்.

1994இல் பதினெட்டுப் பெண்கள் மூன்று மிதவைகளில் ஹரித்துவாரிலிருந்து கொல்கத்தா வரை கங்கையில் 2,155 கிலோமீட்டர் சென்றனர். பயணம் 39 நாட்கள் நீடித்தது. 1997இல் எட்டுப் பெண்கள் அருணாச்சலப் பிரதேசத்திலிருந்து சியாச்சின் பனியாறு வரை, நாற்பதுக்கும் மேற்பட்ட கணவாய்களைக் கடந்து, 4,500 கிலோமீட்டருக்கு மேல் இமயத்தின் நீளவாக்கில் நடந்தனர். இதற்கு ஏழு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. புகழில் எவரெஸ்டுக்கு இணையாகாவிட்டாலும், உழைப்பில் இந்நடைப்பயணம் அதற்குக் குறைந்ததல்ல. 2022இல், ஓய்வுக்குப் பின், ஐம்பது வயது கடந்த பெண்களைத் திரட்டி அதே போன்ற நீண்ட இமாலய நடையை அருணாச்சலத்திலிருந்து கார்கில் வரை மீண்டும் நடத்தினார். அப்போது அவருக்கு வயது 67.

மாணவிகள்

பச்சேந்திரியிடம் பயின்றவர்களில் பிரேம்லதா அகர்வால் ஜாம்ஷெட்பூரைச் சேர்ந்த இல்லத்தரசி. முப்பது வயதைக் கடந்த பின்னரே மலையேற்றத்துக்கு வந்தார். 2011 மே மாதம் தன் 48ஆம் வயதில் எவரெஸ்டில் ஏறினார். 2013இல் ஏழு கண்டங்களின் மிக உயர்ந்த சிகரங்களையும் ஏறி முடித்த முதல் இந்தியப் பெண் ஆனார்.

அருணிமா சின்ஹா தேசிய அளவில் ஆடிய கைப்பந்து வீராங்கனை. 2011 ஏப்ரலில் ஓடும் ரயிலிலிருந்து கொள்ளையர்களால் தள்ளிவிடப்பட்டு ஒரு காலை இழந்தார். சிகிச்சை முடிந்ததும், எவரெஸ்டில் ஏறும் எண்ணத்துடன் நேராகப் பச்சேந்திரியைச் சென்று பார்த்தார். செயற்கைக் காலுடன் பயிற்சி பெற்று, 2013 மே 21 அன்று எவரெஸ்டை அடைந்தார். கால் இழந்த பெண் ஒருவர் அச்சிகரத்தை அடைந்தது அதுவே முதல் முறை.

மலையில் இழப்பும் உண்டு. உத்தரகாசியைச் சேர்ந்த சவிதா கன்ஸ்வால் 2022இல் எவரெஸ்டிலும் மகாலுவிலும் பதினாறு நாட்களுக்குள் ஏறியவர். அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று, பச்சேந்திரி பயின்ற அதே நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்றுநராகத் திரௌபதி கா டாண்டா சிகரத்துக்கு மாணவர்களுடன் சென்றபோது பனிச்சரிவில் உயிரிழந்தார். அந்த விபத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பயிற்சிக்கு வந்த இளைஞர்கள். 1984 மே 15 அன்று நேர்ந்ததும் இதே வகை விபத்துதான்.

2013 ஜூனில் உத்தரகாண்டில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது பச்சேந்திரி தன் மாணவர்களான மலையேறிகளுடன் உத்தரகாசி மாவட்டத்துக்குச் சென்று, சாலை அறுபட்ட உயரமான கிராமங்களுக்கு நிவாரணப் பொருட்களைக் கொண்டுசேர்த்தார்.

விருதுகள், நூல்

1984இல் பத்மஸ்ரீ, 1986இல் அர்ஜுனா விருது, 1994இல் தேசிய சாகச விருது, 2019இல் பத்ம பூஷண் ஆகியவற்றைப் பெற்றார். கர்வால் பல்கலைக்கழகம் 1997இல் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. அவருடைய எவரெஸ்ட் அனுபவ நூலை நேஷனல் புக் டிரஸ்ட் 1988இல் வெளியிட்டது. அதன் ஒரு பகுதி மத்தியக் கல்வித் திட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு இந்திப் பாடநூலில் இடம்பெற்றது. எனவே வட இந்திய மாணவர்கள் பலர் அவரைப் பாடமாகப் படித்தவர்கள்.

தமிழ்நாட்டுப் பெண்கள்

தமிழ்நாட்டில் பனிமலை இல்லை. மாநிலத்தின் மிக உயர்ந்த இடமான தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதாவது எவரெஸ்டின் அடிவார முகாமின் உயரத்தில் பாதிக்கும் குறைவு. பச்சேந்திரிக்கு வீட்டருகே கிடைத்த பயிற்சிக்கு இங்கிருந்து செல்பவர் உத்தரகாசிக்கோ, டார்ஜிலிங்குக்கோ, மணாலிக்கோ போகவேண்டும். செலவும் முற்றிலும் மாறிவிட்டது. 1984இல் பச்சேந்திரி தேசிய அணியின் உறுப்பினராகச் சென்றார், செலவு அமைப்பினுடையது. இன்று எவரெஸ்ட் செல்பவர்களில் பெரும்பாலோர் தனியார் நிறுவனங்களுக்குப் பணம் கட்டிச் செல்கின்றனர். 2023இல் நேபாள அரசின் அனுமதிக் கட்டணம் மட்டும் ஒருவருக்கு 11,000 அமெரிக்க டாலராக இருந்தது. வழிகாட்டி, ஆக்சிஜன், உடை, உணவு எல்லாம் தனி.

மதுரையை அடுத்த விருதுநகர் மாவட்டத்தின் ஜோகில்பட்டியைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி, சென்னையில் ஜப்பானிய மொழி கற்பித்துவந்தவர். திருமணமாகிக் குழந்தைகள் பிறந்தபின் மலையேற்றப் பயிற்சியில் இறங்கினார். அரசும் தனியாரும் அளித்த நிதியுதவியுடன் நேபாளம் சென்றார். எவரெஸ்டை அடைந்த முதல் தமிழ்நாட்டுப் பெண் இவர். அவர் சிகரத்தில் நின்ற நாள் 2023 மே 23. பச்சேந்திரி பால் அங்கு நின்று அன்றுடன் 39 ஆண்டுகள் ஆகியிருந்தன.